கேபிள் இணையம்: வேகம் தடைபடுவது திரும்பும் பாதையில்

நவி மும்பை: தானே–பேலாப்பூர் சாலையை ஒட்டியுள்ள கோபர்கைரனே, இந்தியத் தொலைத்தொடர்பு வரலாற்றில் தனியிடம் பெற்ற பகுதி. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தின் தலைமையகமாக விளங்கிய திருபாய் அம்பானி நாலெட்ஜ் சிட்டி இங்குதான் அமைந்தது. ரிலையன்ஸ் குழுமம் 2004-ஆம் ஆண்டு வாங்கிய ஃபிளாக் டெலிகாமின் கடலடி கேபிள்கள் பின்னர் இந்நிறுவனத்தின் கீழ் வந்தன. அடுத்துள்ள கன்சோலியில் ரிலையன்ஸ் கார்ப்பரேட் பார்க் வளாகம் இருக்கிறது. கண்டங்களுக்கிடையே தரவைக் கொண்டு செல்லும் ஆற்றலுக்கு இப்பகுதியில் குறைவில்லை.

ஆனால், ஒரு வீட்டின் இணைய வேகத்தைத் தீர்மானிப்பது கடலடி கேபிள் அல்ல. தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரை வரும் கடைசிச் சில நூறு மீட்டர்தான். கோபர்கைரனேயில் சிட்கோ அமைத்த செக்டர்களிலும், வாஷி மொத்தச் சந்தையை நம்பி வாழும் மாத்தாடி தொழிலாளர்களின் குடியிருப்புகளிலும், நெருக்கமான கட்டடங்களுக்கு முதலில் வந்து சேர்ந்த கம்பி கேபிள் டிவிக்கானது. அத்தகைய கம்பியின் வழியே கேபிள் மோடம் மூலம் இணையம் பெறும் வீடுகளில், மாலை நேரத்தில் காணொளி அழைப்பு உறைந்து நிற்பதும், மாணவரின் குரல் ஆசிரியரைச் சென்றடையாமல் போவதும் பழகிய அனுபவங்கள். இதற்குக் கம்பியின் பழமையை மட்டும் குறை கூற இயலாது. இருக்கும் அலைவரிசை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதே முதன்மையான கேள்வி.

ஒரே கம்பி, இரு திசைகள்

கேபிள் மோடம் வலையமைப்பில், ஆபரேட்டரின் மையத்திலிருந்து பகுதி முனை வரை ஃபைபரும், அங்கிருந்து வீடுகள் வரை செப்புக் கோஆக்சியல் கம்பியும் பயன்படுகின்றன. ஒரு முனையில் இணைந்துள்ள நூற்றுக்கணக்கான வீடுகள் அதே கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன.

ஐரோப்பிய வகை அமைப்பில் வீட்டை நோக்கி வரும் தரவுக்கு 108 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பு ஒதுக்கப்படுகிறது. வீட்டிலிருந்து வெளியே செல்லும் தரவுக்குக் கிடைப்பது 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே. அதாவது, ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. தொலைக்காட்சியை வீட்டுக்குக் கொண்டுவரவே இந்தக் கம்பி உருவாக்கப்பட்டது. வீட்டிலிருந்து எதையும் திருப்பி அனுப்பும் தேவை அன்று பெரிதாக இருக்கவில்லை. 2020 மார்ச் மாத ஊரடங்கு அந்தத் தேவையை ஒரே வாரத்தில் மாற்றியது. வீடே அலுவலகமாகவும் வகுப்பறையாகவும் மாறியபோது, குறுகலான திரும்பும் பாதையின் மீதே சுமை ஏறியது.

இந்தப் பாதையில் மோடம் நினைத்த நேரத்தில் தரவை அனுப்ப முடியாது. முதலில் மையக் கருவியிடம் அனுமதி கோர வேண்டும். கருவி நேரம் ஒதுக்கிய பிறகே அனுப்ப வேண்டும். ஒரு படத்தைப் பதிவிறக்கும்போதும், தரவு வந்து சேர்ந்ததற்கான சிறு ஒப்புகைச் செய்திகள் இவ்வழியேதான் திரும்புகின்றன. அவை தாமதமானால் பதிவிறக்கமும் மந்தமாகும். பதிவிறக்க வேகம் குறைவதற்கான காரணம், சில வேளைகளில் பதிவேற்றப் பாதையில் ஒளிந்திருப்பது இதனால்தான்.

திறனைக் கூட்டும் வழிகள்

அமெரிக்காவின் கேபிள்லேப்ஸ் அமைப்பு 1997-இல் வெளியிட்ட டாக்சிஸ் தரநிலையே கேபிள் மோடங்களின் பொது மொழி. அதன் ஒவ்வொரு பதிப்பும் அதே கம்பியிலிருந்து கூடுதல் பயனைப் பெற முயன்றது. பதிப்பு 1.1, பல சிறு தரவுப் பொதிகளை ஒன்றாகக் கட்டி ஒரே அனுமதியில் அனுப்ப வழிசெய்தது. 2006-இல் வந்த பதிப்பு 3.0, பல அலைவரிசைத் தடங்களை ஒன்றிணைத்தது. 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடம் விநாடிக்குச் சுமார் 50 மெகாபிட் தருமானால், எட்டுத் தடங்கள் சேர்ந்து 400 மெகாபிட் தரும்.

2013-இல் வந்த பதிப்பு 3.1, ஒரே குறியீட்டில் 8 பிட்டுக்குப் பதிலாக 12 பிட் வரை ஏற்றும் முறையையும், வலுவான பிழைதிருத்த முறையையும் புகுத்தியது. கூடுதல் அலைவரிசை இன்றியே கொள்ளளவு பாதி அளவுக்கு உயர இது வாய்ப்பளிக்கிறது. மோடத்துக்குள் தரவு நீண்ட வரிசையில் தேங்குவதைத் தடுக்கும் ஏற்பாடும் இப்பதிப்பில் கட்டாயமாக்கப்பட்டது. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது மற்றொருவரின் அழைப்பு அறுபடாமல் இருக்க இதுவே உதவுகிறது.

ஆனால், புதிய கருவி வாங்குவது மட்டுமே வழி என்பதில்லை. 500 வீடுகள் பகிரும் முனையை 250 வீடுகள் கொண்ட இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு வீட்டின் பங்கும் இரட்டிப்பாகும். அதைவிட எளிய வழி, இணைப்பிகளைச் சீராக வைத்திருப்பது. திரும்பும் பாதையில் எல்லா வீடுகளின் இரைச்சலும் ஒன்றுசேர்ந்து மையத்தை அடைகிறது. தளர்ந்த ஓர் இணைப்பி, மூடாமல் விட்ட ஒரு கம்பி முனை, மழையில் துருப்பிடித்த ஒரு பிரிப்பான் ஆகிய ஏதேனும் ஒன்று போதும், அந்த முனையின் அனைத்து வீடுகளும் பாதிக்கப்படும். இரைச்சல் கூடும்போது மோடம் குறியீட்டுக்கு 6 பிட்டிலிருந்து 4-க்கும், பிறகு 2-க்கும் இறங்குகிறது. அப்போது கொள்ளளவில் மூன்றில் இரு பங்கு வீணாகும். தானே கழிமுகத்தை ஒட்டி, உப்புக் காற்றும் நான்கு மாதப் பருவமழையும் கொண்ட கோபர்கைரனே போன்ற பகுதிகளில், இது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பராமரிப்புப் பணி.

டிஜிட்டல் மாற்றம் தந்த இடம்

இந்தியாவில் இக்கம்பியின் திறனை உயர்த்திய மிகப் பெரிய நடவடிக்கை, இணையத்தைக் கருதி மட்டும் எடுக்கப்பட்டதன்று. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டத்தில் 2011-இல் செய்த திருத்தத்தின்படி, அனலாக் ஒளிபரப்பு படிப்படியாக நிறுத்தப்பட்டது. முதல் கட்டத்தில் மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 காலக்கெடுவாக நிர்ணயிக்கப்பட்டது. அனலாக் முறையில் ஒரே ஒரு சேனல் நிரப்பிய 8 மெகாஹெர்ட்ஸ் தடத்தில், டிஜிட்டல் முறையில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்களை அனுப்பலாம். இவ்வாறு விடுபட்ட இடம் இணையத்துக்கும் பயன்படக்கூடியதாயிற்று.

சென்னையில் இம்மாற்றம் வழக்குகளால் தாமதமானது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குச் சேவையைத் தொடங்கிய தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், 2017-இல்தான் டிஜிட்டல் உரிமம் பெற்றது. விடுபட்ட அலைவரிசையை எத்தனை ஆபரேட்டர்கள் இணையத்துக்குத் திருப்பினர் என்பது அவர்களின் முதலீட்டு வலிமையைப் பொறுத்தே அமைந்தது. மையக் கருவியின் விலையைத் தாங்கக்கூடிய பெருநிறுவனங்கள் முன்னேறின. தெரு அளவில் இயங்கிய சிறு ஆபரேட்டர்கள் பின்தங்கினர்.

2018 அக்டோபரில் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ், ஹாத்வே நிறுவனத்தில் 51.3 விழுக்காட்டுப் பங்குகளை 2,940 கோடி ரூபாய்க்கும், டென் நிறுவனத்தில் 66 விழுக்காட்டுப் பங்குகளை 2,290 கோடி ரூபாய்க்கும் பெறுவதாக அறிவித்தது. இவ்விரு நிறுவனங்களுடன் இணைந்த 27,000 உள்ளூர் ஆபரேட்டர்களை வலுப்படுத்துவதும் நோக்கமாகக் கூறப்பட்டது. வீட்டுக்குள் நுழையும் கடைசி மீட்டரின் மதிப்பு என்ன என்பதை இந்த விலை உணர்த்துகிறது. 2019 செப்டம்பர் 5 அன்று ஜியோ ஃபைபரின் வணிகச் சேவை தொடங்கியது.

அளவுகோல் மாற வேண்டும்

ஃபைபரே எதிர்காலம் என்பதில் ஐயமில்லை. ஆனால், 2024 மார்ச் இறுதியில் நாட்டிலிருந்த சுமார் 92 கோடி பிராட்பேண்ட் இணைப்புகளில் கம்பிவழி இணைப்புகள் ஏறத்தாழ 4 கோடி மட்டுமே. இந்நிலையில், ஏற்கெனவே வீடுகளை எட்டிய கம்பியைச் சரியாகப் பயன்படுத்தாமல் விடுவது சிக்கனமாகாது. ஃபைபர் முதலில் செல்வது கட்டணம் கூடுதலாகக் கிடைக்கும் கட்டடங்களுக்கே. மற்றவர்கள் காத்திருக்கும் ஆண்டுகளில், அவர்களின் பிள்ளைகளுடைய படிப்பும் குடும்பத்தின் வருவாயும் பழைய கம்பியையே நம்பி நிற்கின்றன.

இங்குதான் ஒழுங்குமுறையின் இடைவெளி தெரிகிறது. 2004-இல் விநாடிக்கு 256 கிலோபிட்டாக இருந்த பிராட்பேண்ட் வரையறை, 2013-இல் 512 கிலோபிட்டாகவும், 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. மூன்று முறையும் அளக்கப்பட்டது பதிவிறக்க வேகம் மட்டுமே. பதிவேற்றத்துக்கு இவ்வரையறையில் குறைந்தபட்ச அளவு இல்லை. கேபிள் வலையமைப்பின் பலவீனமான பகுதி எதுவோ, அதுவே வரையறையின் கண்ணில் படாமல் இருக்கிறது. அளக்கப்படாததைச் சீராக்க எந்த ஆபரேட்டருக்கும் ஊக்கம் எழாது.

பதிவேற்றத்துக்கும் ஒரு குறைந்தபட்ச வேகத்தை நிர்ணயிப்பதும், மாலை நேர நெரிசலில் ஒரு முனையை எத்தனை வீடுகள் பகிர்கின்றன என்பதை வெளிப்படையாக அறிவிக்கச் செய்வதும் இக்குறையைப் பெருமளவு போக்கும். முனைகளைப் பிரிக்கவும் மையக் கருவிகளைப் பகிர்ந்து பயன்படுத்தவும் சிறு ஆபரேட்டர்களுக்குக் கடன் வசதி கிடைத்தால், அந்த விதியைக் கடைப்பிடிப்பதும் அவர்களுக்குச் சாத்தியமாகும். அதுவரை, "100 மெகாபிட்" என்ற விளம்பரத்தைப் பார்க்கும் வாடிக்கையாளர், பதிவேற்ற வேகம் எவ்வளவு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டு, அதற்கான பதிலை எழுத்துப்பூர்வமாகப் பெறுவது நல்லது.