மோதாத வாகனமும் நோகின்ற கழுத்தும்

வாகனம் மோதவில்லையென்றால் விபத்தே நடக்கவில்லை என்று கருதும் வழக்கம் எம்மவர் மத்தியில் வேரூன்றியிருக்கின்றது. கால்சாவின் ஒடுங்கிய சந்தொன்றிலிருந்து லிங்கன் வீதிக்குத் திரும்பும் வேளையில் ஸ்கூட்டர் ஒன்று குறுக்கே பாய்கின்றது. சாரதி பிரேக்கை அழுத்துகின்றார். ஸ்கூட்டர் போய்விடுகின்றது; காரில் ஒரு கீறலும் இல்லை. பின்னால் இருந்த தாயாரின் நெற்றியோ முன்னாசனத்தில் அடிபட்டு, கழுத்துத் திரும்ப மறுக்கின்றது. வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணெய் பூசிப் படுக்க வைக்கின்றோம்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காருக்குள் இருப்பவரும் விநாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றார். கார் தரித்தாலும் பட்டி கட்டாத உடல் தரிப்பதில்லை. சாரதிக்காவது கையில் ஸ்டியரிங் உண்டு. கதைத்துக்கொண்டிருப்பவருக்கும், பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கும் பிடித்துக்கொள்ள அவகாசமே இல்லை. சைவரும் கத்தோலிக்கரும் ஒன்றாகப் புனித ரொசாலியாவைத் தரிசிக்கப் பெல்லெகிரினோ மலைக்குச் செல்வது நமக்குப் பெருமை. ஐவருக்கான காரில் எழுவர் அடைந்து செல்வது பெருமையன்று. பட்டி கட்டாதவரின் நட்டஈட்டையும் நீதிமன்றம் குறைத்துவிடலாம்.

இத்தாலியச் சட்டம் எம்மைவிடத் தெளிவாகவே சிந்தித்திருக்கின்றது. 2005ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டக்கோவை, 141ஆம் பிரிவின்படி, காயமடைந்த பயணி தான் இருந்த வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்திடமே நட்டஈடு கோரலாம். எந்தச் சாரதியின் பிழை என்று அவர் நிறுவ வேண்டியதில்லை. மோதல் அவசியமா என்ற வினாவுக்கு, உச்ச நீதிமன்றமான கசாசியோனேயின் இணைந்த ஆயம் 2022 நவம்பரில் விடையளித்தது. குறைந்தது இரண்டு வாகனங்கள் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று மோதியிருக்க வேண்டியதில்லை. குறுக்கே வந்தது நாயானால் 141 பொருந்தாது. அப்போது 144ஆம் பிரிவின் வழியே அதே நிறுவனத்திடம் கோர வேண்டும். தவிர்ப்பதற்கு இயன்றதெல்லாம் செய்தேன் என்று காட்டும் சுமை அங்கே சாரதியைச் சார்ந்தது.

ஆனால் எம்மவரைத் தடுப்பது சட்டமன்று. “அண்ணனின் காரில் அடிபட்டுவிட்டு அண்ணன்மேல் வழக்கா?” என்ற கூச்சமே தடுக்கின்றது. பணம் தருவது அண்ணன் அல்லர். அவர் ஆண்டுதோறும் கட்டும் கட்டணத்தை வாங்கிக்கொண்ட நிறுவனம். 129ஆம் பிரிவு நெருங்கிய உறவினருக்கு மறுப்பது பொருட்சேதத்தை மாத்திரமே, உடற்காயத்தை அன்று. சாரதிமீது பொறுப்பு விழுந்தால் அடுத்த ஆண்டுக் கட்டணம் உயரும் என்பதையும் மறைப்பானேன்? அந்த உயர்வைக் குடும்பமாகப் பங்கிடுங்கள். பிறர் வீடுகளைத் துப்புரவாக்கி உழைக்கும் ஒரு பெண், திரும்பாத கழுத்தோடு மாதக்கணக்கில் மாடிப்படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதிலும் அது மலிவானது.

அன்றைய தினமே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். 2012ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின் பின், சிறு காயங்களால் வரும் நிரந்தரப் பாதிப்புக்கு, வெறும் வலி என்ற முறைப்பாடு போதாது. பரிசோதனையில் அது புலப்பட வேண்டும். ஸ்கூட்டரின் இலக்கத்தையும் கண்டவரின் பெயரையும் எழுதி வையுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். காப்புறுதிப் பணத்துக்காக ஏழைகளின் கைகால்களை அவர்களின் சம்மதத்துடனேயே முறித்த கும்பல்கள் இந்நகரில் 2018இலும் 2019இலும் பிடிபட்டன. அதன்பின் பலெர்மோவிலிருந்து வரும் கோரிக்கையைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்களைக் குறைகூற முடியாது.

வதிவிட அனுமதி இல்லாதவரும் அஞ்ச வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், 35ஆம் பிரிவில், அவர்களுக்கும் அவசர சிகிச்சையை உறுதிசெய்கின்றது. இத்தாலியருக்கும் கட்டாயமான அறிக்கைகள் தவிர, சிகிச்சைக்கு வந்தவரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிப்பதையும் தடைசெய்கின்றது. நட்டஈடு கோருவதற்கான காலம் பொதுவாக இரண்டு ஆண்டுகள். அதற்குள் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் சென்றடைந்தால், அந்த இரண்டு ஆண்டுகள் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும்.