யுத்தப் படமா, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் விளம்பரமா?

“சினிமாவில் அரசியல் எதற்கு? காசு கொடுத்தோம், சண்டையைப் பார்த்தோம் என்று இருக்கக் கூடாதா?” என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். இருக்கலாம், சண்டையில் சாகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது நமக்குத் தெரியாமலிருந்தால்! ஆலையிலும் வயலிலும் உழைக்கிறவன் பெற்ற பிள்ளையைத்தான் எந்த முதலாளித்துவ சர்க்காரும் முன்வரிசையில் நிறுத்துகிறது. ஆகவே யுத்தப் படம் எதுவானாலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சாகச் சொல்லி உத்தரவு போட்டவனைப் படம் காட்டுகிறதா, மறைக்கிறதா?

1968-ல் வந்த ‘கிரீன் பெரேஸ்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பாருங்கள். அதன் நாயகன் ஜான் வெய்ன் 1965-லேயே ஜனாதிபதி ஜான்சனுக்குக் கடிதம் எழுதி ஒத்தாசை கேட்டார். கிடைத்தது. ராணுவத் தலைமையகம் கதையைப் படித்துத் திருத்தச் சொன்னது, ஹெலிகாப்டர்களையும் கொடுத்தது. வியத்நாம் என்று காட்டிய இடமோ ஜார்ஜியா மாநிலத்து ராணுவ முகாம்! கடைசிக் காட்சியில், கிழக்கே கடலுள்ள டா நாங்கில், சூரியன் கடலுக்குள் அஸ்தமிக்கிறது. சூரியனையே திசை மாற்றியவர்களுக்கு உண்மையைத் திசை மாற்றுவதா கஷ்டம்?

அந்தப் படத்தில் அமெரிக்கச் சிப்பாய் கிராமத்து ஜனங்களின் காவலன். ஆனால் அதே 1968-ல், மார்ச் 16 அன்று, மை லாயில் அவன் துப்பாக்கிக்குப் பலியான கிழவர்கள், பெண்கள், குழந்தைகள் 504 பேர் என்பது வியத்நாமியர் கணக்கு. 1969 நவம்பர் வரை அதை உலகம் அறியாமல் மூடி வைத்தார்கள்.

“அமெரிக்கன் எடுத்த படமென்றாலே உங்களுக்கு ஆகாதோ?” என்பார்கள். இல்லை! 1957-ல் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ எடுத்த ஸ்டான்லி குப்ரிக்கும் அமெரிக்கர்தான். முதல் உலக யுத்தம், பிரெஞ்சுப் பதுங்குகுழி. பதவி உயர்வுக்கு ஆசைப்பட்ட ஜெனரல், பிடிக்க முடியாத குன்றைப் பிடிக்கச் சொல்கிறான். குண்டுமழையில் சிப்பாய்கள் முன்னேற முடியவில்லை. அவர்கள் மீதே பீரங்கியால் சுடச் சொல்கிறான்! பிறகு ‘கோழைகள்’ என்று மூன்று பேரைப் பொறுக்கி எடுத்துச் சுட்டுக் கொல்கிறார்கள். தண்டனைக்கு முதல் நாள் இரவு, மாளிகையில் மேலதிகாரிகளின் நடன விருந்து!

இது வெறும் கற்பனையா? 1915-ல் பிரான்சில் சூவெய்ன் அருகே நான்கு கார்ப்பொரல்கள் இப்படித்தான் சுடப்பட்டார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு 1934-ல் வந்தது, மாண்டவர்கள் வரவில்லை. இந்தப் படம் 1975 வரை பிரான்சில் திரையிடப்படவில்லை. பொய்ப் படத்துக்கு ஹெலிகாப்டர்; மெய்ப் படத்துக்குப் பூட்டு!

அப்படியானால் எல்லா யுத்தமும் ஒன்றுதானா? அல்ல. ஹிட்லரின் படையை எதிர்த்து மண்ணைக் காத்த சோவியத் மக்களின் போர் நியாயமான போர். அதில் போரிட்டுக் காயம்பட்ட கிரிகோரி சுக்ராய் 1959-ல் எடுத்த ‘ஒரு போர்வீரனின் கதை’ என்ன காட்டுகிறது? இரண்டு டாங்கிகளை அழித்த இளைஞன் அல்யோஷா, பதக்கம் கேட்கவில்லை. தாயைப் பார்த்து வீட்டுக் கூரையைச் சரிசெய்ய லீவு கேட்கிறான். வழியெல்லாம் பிறருக்கு உதவியதில் நாட்கள் கரைகின்றன. தாயைக் கட்டித் தழுவச் சில நிமிஷங்களே மிஞ்சுகின்றன. அவன் திரும்பி வரவே இல்லை. நியாயமான போரிலும் சாவைக் கொண்டாடாத படம் இது.

தோழர்களே! கொட்டகையில் கைதட்டுமுன் யோசியுங்கள். கூரை ஒழுகும் வீட்டுப் பிள்ளையின் ரத்தத்தில் எவன் பதவி உயர்வு பெறுகிறான் என்று காட்டும் படத்தை ஊரெல்லாம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். அதை மறைத்துத் துப்பாக்கிக்கு மாலை போடும் படத்துக்கு, வியர்வை சிந்திச் சம்பாதித்த காசில் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்!