டிரைவருக்குத் தலைக்கனம் கொஞ்சம் போதும்

ரயில்வேயில் முப்பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவனிடம் ‘டிரைவர்’ என்று சொன்னால், எஞ்சின் ஓட்டுபவர்தான் ஞாபகத்துக்கு வருவார். (இப்போது அவருக்கு லோகோ பைலட் என்று பெயர். என் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் வாயில் நுழையவில்லை.) ஆனால் நான் எழுத வந்தது கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடிக்கு எடுக்கும் நீளமான மட்டையைப் பற்றி. அதற்கும் டிரைவர் என்றுதான் பெயர்.

நம் ஜம்ஷெட்பூரில் பெல்டி, கோல்முரி என்று இரண்டு கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. நம் சங்கக் குடும்பங்களிலும் சில பிள்ளைகள் விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கிறேன். மிகவும் சந்தோஷம். ஆனால் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடினால் போதும், “மட்டை சரியில்லை, புதுசு வாங்கணும்” என்று பெற்றோர்கள் கிளம்பிவிடுவதுதான் எனக்கு உடன்பாடில்லை. புதுசு வாங்குமுன் இருக்கிற மட்டையின் தலையில் இரண்டு கிராம், நான்கு கிராம் ஈயம் ஒட்டிப் பாருங்கள் என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் இருந்துகொண்டே நான் ஒரு பெரிய தப்பும் செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். அவர் மகள் பத்தாம் வகுப்பு, கோல்முரியில் பழகுகிறாள். ஒருநாள் மாலை வந்தார். “சார், கொல்கத்தா கடையில் நாற்பத்தெட்டாயிரம் சொல்றாங்க. பி.எஃப். லோன் போட்டுடலாமான்னு பார்க்கறேன். ஞாயித்துக்கிழமை ஸ்டீல் எக்ஸ்பிரஸ்ல போய் வாங்கிட்டு வந்துடுவேன்” என்றார். இருக்கிற மட்டையை முதலில் கொண்டு வாருங்கள் என்றேன். யாரோ ஒரு பெரியவர் ஆடிவிட்டுக் கொடுத்த மட்டை. பெண்ணின் உயரத்துக்காகப் பிடிப்பக்கம் ஒரு அங்குலம் வெட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. கம்பைக் குறைத்தால், வீசும்போது தலை இருப்பதே கைக்குத் தெரியாது. “பூ மாதிரி இருக்கு தாத்தா” என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

இதை அளக்க 1920களிலேயே ஒரு தராசு வந்துவிட்டது. பிடியின் கடைசியிலிருந்து 14 அங்குலத்தில் மட்டையைத் தாங்கி, தலைப்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. ஏ, பி, சி, டி என்று எழுத்தும், ஒவ்வொரு எழுத்திலும் பத்து படிகளும் உண்டு. ஆண்களின் டிரைவர் வழக்கமாக டி வரிசையின் தொடக்கத்தில் வரும். பெண்களுடையது சி வரிசையில். தலையில் சுமார் 2 கிராம் ஏற்றினால் ஒரு படி ஏறும். கம்பை அரை அங்குலம் குறைத்தால் மூன்று படி இறங்கும்.

தராசு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒரு முக்கோண அரத்தை மேசை ஓரத்தில் கூர்விளிம்பு மேலாக இருக்கும்படி இறுக்கி வையுங்கள். 14 அங்குலக் கோட்டை அதன்மேல் வைத்து, பிடியின் நுனியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, மட்டை சமமாக நிற்கும்வரை பழைய நட்டு, போல்ட்டுகளைப் போடுங்கள். பையை நிறுத்தால் ஆண்களின் மட்டைக்கு ஏறக்குறைய 430 கிராம் வரும். பையில் மூன்றரை கிராம் வித்தியாசம் என்றால் ஒரு படி.

இவ்வளவு தெரிந்தவன் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு அங்குலம் வெட்டியதால் ஆறு படி போயிற்று. ஆறிரண்டு பன்னிரண்டு கிராம் என்று கணக்குப் போட்டு, மொத்தத்தையும் ஒரே நாளில் ஒட்டிவிட்டேன். கணக்கு சரிதான். ஆனால் நான் திருப்பிக் கொடுத்தது வளர்ந்த ஆம்பிளையின் மட்டையை! அந்தப் பெண்ணுக்கு வேண்டிய சி வரிசைக்கு அது ஏற்கெனவே வந்திருந்தது. டிரைவரின் தலை மொத்தமே 200 கிராம்தான். அதில் 12 கிராம் என்றால் நூற்றுக்கு ஆறு.

இரண்டு வாரத்தில் அவளுக்கு மணிக்கட்டில் வலி. தாத்தா ஆசையாகச் செய்தது என்று வாயைத் திறக்காமலே ஆடியிருக்கிறாள். டாக்டர் மூன்று வாரம் மட்டையைத் தொடக்கூடாது என்றார். அவள் காத்திருந்த ஜூனியர் போட்டி அந்த மூன்று வாரத்துக்குள் வந்து போயிற்று. தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வெட்கம் என்னவென்றால், இது எனக்குத் தொழிலில் தெரிந்த பாடம். நான் எல்.எம்.இ. முடித்துக் கரக்பூர் பணிமனையில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்களுக்கு அந்திமக் காலம். அவற்றின் பெரிய சக்கரங்களில் ஆரைகளுக்கு நடுவே பிறை வடிவில் ஒரு கனம் இருக்கும். அதன் உள்ளறையில் ஈயம் ஊற்றி எடையைச் சரிசெய்வதுண்டு. எடை குறைந்தால் எஞ்சின் முன்னும் பின்னும் உதறும். கூடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் தண்டவாளத்தைச் சம்மட்டியால் போடுவது போல் போடும். அதற்கு ‘ஹாமர் புளோ’ என்றே பெயர். அங்கே தண்டவாளம் வாங்கிய அடியை இங்கே ஒரு குழந்தையின் கை வாங்கியது.

வலி தீர்ந்ததும் எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். முதல் வாரம் 2 கிராம். அடுத்த வாரம் இன்னொரு 2 கிராம். “இப்ப தலை எங்க இருக்குன்னு தெரியுது தாத்தா” என்றாள். அங்கேயே நிறுத்திவிட்டேன். கம்பு வந்து சேரும் ஹீல் பக்கத்தில் ஒட்டினால் வலப்பக்க வளைவு சிறிது குறையும். நுனிப்பக்கம் ஒட்டினால் எதிரிடை. பின்பக்கம் ஒட்டினால் பந்து கொஞ்சம் உயரப் போகும். சில கிராமில் கிடைக்கும் பலன் சில கஜம்தான். பாக்கியெல்லாம் கையிலும் தோளிலும் இருக்கிறது. எங்கள் பெண்ணுக்குப் பந்து இன்றும் சில நாள் வலப்பக்கம் போகிறது. ஆனால் 48,000 ரூபாய் மட்டையிலும் அது போயிருக்கும் என்று தம்பிக்கு இப்போது தெரியும்.

ஒட்டுவதற்கு, பின்புறம் பசையுள்ள ஈயப்பட்டை விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிப்பு, ஒரு சென்டிமீட்டர் அகலம் என்றால் மூன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு 2 கிராம் வரும். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன மின்தராசில் நிறுத்து ஒட்டுங்கள். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. பந்தைத் தொடும் முகத்தில் ஒட்டவே கூடாது. ஆட்டம் தொடங்குமுன் ஒட்டுவதை விதி அனுமதிக்கிறது. பாதி ஆட்டத்தில் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது.

கைவேலை தெரிந்த நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மரத்தலை டிரைவர் இருந்த காலத்தில் அடித்தகட்டைக் கழற்றி, துளை போட்டு, ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். அந்த ஞாபகத்தில் இன்றைய டைட்டானியம் தலையில் டிரில்லை வைத்துவிடாதீர்கள். உள்ளே வெறும் கூடு. மேல்தகடு சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கும் பேச்சே வேண்டாம். குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பட்டையை வெட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும், செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். நான் பணிமனையில் வெறுங்கையால் ஈயத்தைத் தொட்டுவிட்டு அதே கையால் டிபன் சாப்பிட்டவன். அது வீரம் இல்லை, அறியாமை.

பக்கத்துக் கொல்கத்தாவில் எஸ்.எஸ்.பி. சௌராசியா என்ற ஆட்டக்காரர். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன். அங்கேயே பார்த்துப் பார்த்து ஆடக் கற்று, 2008-ல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அவர் வீட்டில் பி.எஃப். லோன் போட்டு மட்டை வாங்கியிருக்க மாட்டார்கள்.

மீதிப் பட்டை என்னிடம் இருக்கிறது. தராசும் இருக்கிறது. வேண்டியவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள், மட்டையை மட்டும் அனுப்பினால் தொடமாட்டேன். அரம் மட்டும் நீங்களே கொண்டு வரவேண்டும். சாப்பாட்டு மேசையில் கீறல் விழுந்த நாளிலிருந்து என்னுடையதை என் மனைவி எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள்.