மலிவாக ஒரு கருவி

எப்போதும்வென்றானிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் ஒரு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். உளுந்து விற்ற காசில் அவள் தந்தை மகனுக்கு வாங்கித் தந்தது. நூறு வகை ஒலி, பளிச்சிடும் விளக்குகள். பையன் இரண்டு மாதம் தட்டிவிட்டு மூலையில் போட்டுவிட்டான். "அவனுக்குப் பாட்டு வராது போல ஐயா. கடையில திருப்பி எடுத்துக்க மாட்டேங்கிறாங்க" என்றாள்.

அவன் வாசிக்க முயன்றது என்ன என்று கேட்டேன். ஊர்க் கொடையில் நாதஸ்வரத்தில் கேட்ட 'சிங்கார வேலனே'. எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருசேர வந்தன. 1962இல் 'கொஞ்சும் சலங்கை'க்காகக் காருகுறிச்சி அருணாசலம் ஊதிய பாட்டு அது. அவர் வாழ்ந்தது இதே கோவில்பட்டியில். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கியும் குழைந்தும் போகும் அந்த இசையைத் தனித்தனிக் கட்டைகளில் அழுத்தி எடுக்க முடியுமா? பாட்டு வராதது பையனுக்கு அல்ல, கருவிக்கு.

எப்போதும்வென்றானிலிருந்து மதுரைச் சாலையில் சற்று வடக்கே போனால் எட்டயபுரம். சுப்பராம தீட்சிதர் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டபோது கமகங்களுக்கென்றே தனித்தனிக் குறியீடுகள் இட்டு அச்சேற்றிய ஊர். அதன் பக்கத்து ஊரில் கமகமே பேசாத பெட்டியைப் பிள்ளைக்கு வாங்கித் தருகிறோம்.

அயல்நாட்டுக் கருவி ஆகாது என்று சொல்ல வரவில்லை. வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்தவராகப் போற்றப்படும் பாலுசாமி தீட்சிதரே எட்டயபுரம் அரண்மனை வித்துவான்தான். வயலின் இங்கே ஒட்டிக்கொண்டதற்கு அதன் தந்தியில் விரல் தடையின்றி நகர்வதே காரணம். கீபோர்டையும் நான் ஒதுக்கவில்லை. 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததே மிகை என்பது என் கருத்து. தேவாலயப் பாடற்குழுவுக்கோ மெல்லிசைக் குழுவுக்கோ போகிற பிள்ளைக்குக் கீபோர்டு சரியான கருவி. என்ன பாட்டுக்காக என்று கேட்காமல் விலையை மட்டும் கேட்டு வாங்குவதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

கையில் சில நூறு ரூபாய்தான் உண்டென்றால் என் பரிந்துரை மூங்கில் புல்லாங்குழல். திருவிழாக் கடையில் சாயம் பூசித் தொங்கும் விளையாட்டுக் குழலைச் சொல்லவில்லை. ஊதுதுளை நீங்கலாக எட்டுத் துளையுள்ள கர்நாடக இசைக் குழல் வேண்டும். ஆறு துளையோடு கிடைப்பவை பெரும்பாலும் வடநாட்டு பாணி. விரல் வைப்பே வேறு. சிறு கைக்கு நான்கரை அல்லது ஐந்து கட்டைச் சுருதி எட்டும். சுருதி தாழத் தாழக் குழல் நீண்டு துளைகள் விலகிப் போகும். வாசிக்கத் தெரிந்தவரை உடன் அழைத்துப் போக வேண்டும். கைப்பேசியில் சுருதியை ஓடவிட்டு, ஸட்ஜமமும் பஞ்சமமும் மேல் ஸட்ஜமமும் அதோடு சேருகின்றனவா என்று அவர் ஊதிப் பார்க்கட்டும். மேல் ஸட்ஜமம் விலகினால் அந்தக் குழல் வேண்டாம். நம் கரிசல் வெயிலுக்கு மூங்கில் வெடிக்கும். அவ்வப்போது எண்ணெய் தடவி நிழலில் வைப்பது நல்லது.

மிக மலிவான வயலினை மட்டும் வாங்க வேண்டாம். முறுக்காணி வழுக்கிச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். பிழை தன் விரலிலா கருவியிலா என்று கற்பவனுக்குத் தெரியாது. அனுபவத்தில் சொல்கிறேன், என் முதல் வயலின் பரணில் கிடக்கிறது.

தாளத்தில் நாட்டமுள்ள பிள்ளைக்குக் கடைக்கே போக வேண்டியதில்லை. வில்லுப்பாட்டுக்காரர் வில்லோடு கட்டி அடிக்கும் குடம் குயவர் வீட்டு மண்குடம்தானே! மானாமதுரைக் கடம் அதற்கு ஒரு படி மேல். அவ்வூர் மண்பாண்டங்கள் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டன.

என்னிடமிருந்த பழைய ஐந்து கட்டைக் குழல் ஒன்றை மாணவியிடம் கொடுத்தனுப்பினேன். மறு வாரம் விசாரித்தேன்.

"வெறும் காத்துதான் ஐயா வருது. அந்தப் பெட்டியாவது அழுத்தினதும் சத்தம் கொடுத்துச்சேன்னு அப்பா திட்டுறாங்க. அவன் மட்டும் கீழ வைக்க மாட்டேங்கிறான்" என்றாள்.