கரித்தார் பினாயிலில் இருக்கட்டும், பருப்பில் வேண்டாம்



கரித்தாருக்கும் மளிகைக் கடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நம் கடையில் விற்கும் கறுப்பு பினாயிலும் அந்துருண்டையும் கரித்தாரிலிருந்து பிறந்தவையே. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூளையில் சுட்டால் கல்கரி கிடைக்கிறது. அப்போது எழும் ஆவியைக் குளிர வைத்தால், கறுத்த, பிசுபிசுப்பான, நெடியடிக்கும் தார் இறங்குகிறது. ஒரு டன் நிலக்கரிக்குச் சுமார் 40 கிலோ தேறும். அதைக் காய்ச்சி வடித்தால் பென்சீன், பீனால், கிரெசால், நாப்தலீன் எனப் பல பொருள்கள் பிரிகின்றன. அடியில் தங்கும் கீல் அலுமினிய ஆலைகளுக்குப் பயன்படுகிறது.

1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், கரித்தார்ப் பொருளிலிருந்து மலேரியாவுக்கான கொய்னா மருந்தைச் செய்ய முயன்றார். மருந்து வரவில்லை, ஊதா நிறச் சாயம் வந்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கே தொடங்கியது. இன்று இச்சாயங்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் 'கோல்டார் சாயம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நம் கவலை இங்கேதான். தோலுக்கும் காகிதத்துக்கும் போடும் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம், துவரம்பருப்பிலும் மஞ்சள்தூளிலும் கலக்கப்படுவதுண்டு. உணவுக்கென 8 செயற்கை நிறங்களைச் சட்டம் அனுமதிக்கிறது. அதில் இது இல்லை. பருப்புக்கோ மஞ்சள்தூளுக்கோ எந்தச் செயற்கை நிறமும் சேர்க்கக் கூடாது. ரோடமின்-பி சாயம் கலந்ததற்காக 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்ததை நாம் மறக்கவில்லை.

'மூட்டையில் வந்ததை அப்படியே விற்கிறோம், எங்கள் குற்றம் என்ன?' என்று நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் பளபளக்கும் பருப்பை முன்வரிசையில் வைத்து, மங்கலானதைப் பின்னே தள்ளுவது யார்? நாம் நிறம் பார்த்து வாங்கும்வரை, நிறம் ஏற்றுபவன் இருப்பான். அதைத் தின்பவை நம் தெருக் குழந்தைகள்.

மாதிரி எடுப்பது நம் கடையில். வழக்கும் நம் பெயரில். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, சரக்கை விற்றவர் தரும் பில்லே தரத்துக்கான எழுத்துமூல உத்தரவாதமாகக் கருதப்படும். சில ரூபாய் மிச்சமென்று பில் இல்லாமல் சரக்கெடுப்பவர் அந்தக் கேடயத்தைத் தாமே வீசியெறிகிறார்.

ஆகவே, பில் இல்லாத சரக்கை இறக்காதீர்கள். ஒரு கைப்பிடி பருப்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே நிறம் கரைந்தால் அந்த மூட்டையைத் தனியே வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அந்துருண்டையைக் கற்கண்டு, மிட்டாய் அருகில் வைக்காதீர்கள். மங்கலான பருப்புதான் நல்ல பருப்பாக இருக்கலாம் என்று வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நிறம் ஒரு நாள் விற்கும். நாணயம்தான் தலைமுறைக்கும் கடையைக் காக்கும்.