அறைக்குள் போகும் முன் ஒரு தாள்

என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று தெரிந்ததிலிருந்து நியூராலஜி ஓ.பி.க்குத் துணைக்குப் போய்வருகிறேன். வெளியே பெஞ்சில் பக்கத்து ஆளிடம் எல்லாத் தொந்தரவையும் கொட்டுகிறவர்கள், உள்ளே போனதும் "இப்ப பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டோடு திரும்புகிறார்கள். எம்.எஸ்.ஸில் அப்படிச் சொல்லிவிட்டு வரவே கூடாது.

மூளை, தண்டுவட நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை நம் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிற நோய் இது. ஒரு சமயம் கண் மங்கும், பல மாதம் கழித்துக் கால் மரத்துப்போகும், பலருக்குச் சில வாரத்தில் தணிந்தும் விடும். டாக்டரைப் பார்க்கிற நாளில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஸ்கேன் சொல்லாததை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

தங்கை ஒரு தாளில் எழுதிக்கொள்வாள். "வலது கால், முட்டிக்குக் கீழே மரத்துப்போனது. செவ்வாய் காலை ஆரம்பம், ஞாயிறு வரை. காய்ச்சல் இல்லை. நீர்க்கடுப்பு இல்லை." கடைசி இரண்டு வரிக்குத்தான் மதிப்பு அதிகம். புதுத் தொந்தரவு 24 மணி நேரமாவது நீடித்து, காய்ச்சலோ தொற்றோ இல்லாமலிருந்தால்தான் நோய் மறுபடி தாக்கியதாகக் கணக்கு. கத்திரி வெயிலில் நடந்தாலோ வெந்நீரில் குளித்தாலோ பழைய தொந்தரவே தலைகாட்டும், உடம்பு குளிர்ந்ததும் அடங்கும். உடலை வருத்தி உழைத்ததும் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தாஃப் 1890இலேயே எழுதியிருக்கிறார். ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றுவதா, முதலில் யூரின் டெஸ்ட் எடுப்பதா என்று டாக்டர் யோசிக்கும்போது இந்த வரிகள் கைகொடுக்கும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு பழைய சி.டி.யும் ஃபைலில் இருக்கட்டும். படத்தைப் படத்தோடு வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்.

வாயில் வராத விஷயங்கள்தான் கஷ்டம். எம்.எஸ். உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. மாமனாரோ அண்ணனோ பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் அதைச் சொல்வாள்? தங்கை அதை முதல் வரியாக எழுதி, பேசாமல் தாளை மேஜைமேல் நகர்த்தினாள். டாக்டர் படித்துவிட்டு, "இதுக்கு மருந்து இருக்கும்மா" என்றார். தாம்பத்தியச் சிக்கலும் அப்படித்தான். துணைக்குப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே நிற்க வேண்டும். நான் நிற்கிறேன்.

கல்யாணப் பேச்சு நடக்கிறதா, குழந்தை வேண்டுமா என்பதையும் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஃபிங்கோலிமோட், டெரிஃப்ளுனோமைடு போன்றவை கர்ப்பத்துக்கு ஆகாதவை. நிறுத்தினாலும் உடனே உடம்பைவிட்டுப் போவதில்லை. சம்பந்தம் தட்டிப்போகும் என்று ஊருக்கு மறைக்கிற வீடுகளின் பயம் புரிகிறது. டாக்டரிடமுமா மறைப்பது? தரப்போகும் மருந்து ரிட்டுக்ஸிமேப் என்றால் ஹெபடைடிஸ்-பி பரிசோதனை ஆயிற்றா, எந்தத் தடுப்பூசியை முன்பே போட வேண்டும் என்று கேளுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா என்பதை டாக்டர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்க வேண்டும். எழுந்திருக்கும் முன் இன்னொன்று: ராத்திரி திடீரென்று பார்வை மங்கினால் யாருக்குப் போன் செய்வது? நம்பரை அதே தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.