பல்லில்லா வேட்டைக்காரன்

வேட்டையாடும் பிராணி என்றதும் கூரிய பற்களும் விரைந்தோடும் கால்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. இவ்விரண்டும் இன்றியே மீனை உண்டு வாழும் ஆமையொன்று தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோக்கோ ஆற்றுப் பகுதிகளில் உண்டு. 'மாட்டாமாட்டா' என்பது அதன் பெயர். நம் செவிக்கு, 'மாட்ட மாட்டேன்' என்று அது சபதம் செய்வதுபோல் அன்றோ ஒலிக்கிறது!

அதன் ஓடு ஏறத்தாழ 45 செ.மீ. நீளம் வளரும். தலை தட்டையான முக்கோணம். தலையின் ஓரங்களிலும் கழுத்திலும் கந்தல் துணிபோல் தோல் தொங்கும். ஓட்டின் மேடுகளில் பாசி படரும். கலங்கிய நீரின் அடியில் அது கிடக்கையில், உதிர்ந்த இலைக்குவியல் என்றே எவரும் எண்ணுவர். மூக்கு சிறு குழல்போல் நீண்டிருப்பதால், கிடந்த இடத்திலிருந்தே கழுத்தை உயர்த்தி, மூக்கின் நுனியை மட்டும் நீருக்கு மேல் நீட்டி மூச்சு வாங்கிக்கொள்ளும். நீந்துவதில் அதற்கு அத்துணைத் திறமை இல்லை. நீரடியில் நடப்பதே அதன் வழக்கம்.

மீன் எவ்வாறு அகப்படுகிறது? தொங்கும் தோல் மடிப்புகளில் உள்ள நரம்புகள் நீரின் நுண்ணிய அசைவையும் உணர்த்துகின்றன. மீன் அருகில் வரும்வரை ஆமை அசைவதில்லை. வந்ததும் கழுத்து சட்டென நீள்கிறது; அகன்ற வாய் திறக்கிறது; அதே கணத்தில் தொண்டை பெரிதாக விரிகிறது. கொல்லன் துருத்தியை விரித்ததும் காற்று உட்புகுவதுபோல், நீர் வாய்க்குள் பாய்கிறது. நீரோடு மீனும் போய்விடுகிறது! பிறகு வாயைச் சற்றே திறந்து நீரை மட்டும் மெல்ல வெளியேற்றி, மீனை முழுதாக விழுங்குகிறது. மெல்ல இயலாத வாய்க்கு வேறு வழி ஏது?

காத்திருப்பது ஒன்றே அதற்குத் தெரியும் என்றும் சொல்வதற்கில்லை. உயிர்க்காட்சிச் சாலையில் வளர்ந்த இவ்வாமைகள், மெல்ல நடந்து மீன்களை ஒதுக்குப்புறமாக ஓட்டிச் சென்று பிடித்ததை 1978-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எடுத்துரைத்தது.

மீனின் கண்ணிலிருந்து அதை மறைக்கும் இவ்விந்தைத் தோற்றமே மனிதரின் கண்ணை ஈர்க்கிறது. வீட்டுத் தொட்டிகளில் வளர்ப்பதற்கென இதன் குஞ்சுகளைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கின்றனர். 2022-இல் பனாமாவில் கூடிய நாடுகள், அனுமதியின்றி இதனை நாடு கடத்தி விற்கலாகாது என்று முடிவு செய்தன.

பறிமுதல் செய்யும் குஞ்சுகளை ஏதேனும் ஓர் ஆற்றில் விட்டுவிட்டால் தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. அதுகாறும் ஒரே இனம் என்று கருதப்பட்டது, உண்மையில் இரண்டு இனங்கள் என்று 2020-இல் மரபணு ஆய்வு காட்டிற்று. அமேசான் ஆமை கருமை மிக்கது. ஓரினோக்கோ ஆமை சற்றே வெளிறிய நிறமுடையது. இவை பிரிந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றனவாம்! ஆகவே, மீட்ட குஞ்சு எந்த ஆற்றைச் சேர்ந்தது என்று அறிந்த பின்னரே அதனை நீரில் விடவேண்டும்.